எட்டாம் பாடவேளை

நேற்றுக் காலை அலுமாரிக்கு மேலே கிடந்த பயணப் பையை இறக்கினேன். உம்முடைய ஆண்டுத் திவசத்துக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டிய சேலை அதற்குள் இருந்தது. சிப்பை இழுத்ததும் வறுத்த மிளகாய்த்தூளின் நெடி முகத்தில் அடித்தது. நாங்கள் இருவரும் திருச்சிக்குப் போய் வந்து பதினைந்து மாதமாயிற்று. கழுவி, வெயிலில் காயவைத்து, கற்பூரம் போட்டு வைத்தும் அந்தப் பை அந்தத் தூளை விடவில்லை. மூன்று தரம் தும்மினேன். பிறகு வெள்ளவத்தை மாடிவீட்டில் தனியே நின்று உம்மை வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

செத்தவர்களைத் திட்டக்கூடாதாம். உயிரோடு இருந்தபோது திட்டியதற்கு நீர் எப்போதாவது காது கொடுத்தீரா? மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சிரிப்பீர். இனிச் சிரித்துத் தப்ப முடியாது. முழுவதையும் கேளும்.

திருச்சியை நீர் அதற்கு முன்பு நான்கு தரம் பார்த்திருந்தீர். பார்த்தீர் என்று சொல்வதும் பிழை. உம்முடைய சொந்தத்தில் யாருக்குக் கலியாணம் என்றாலும் கூறைச்சேலை எடுக்கத் திருச்சிக்குப் போவார்கள். உமக்குப் பட்டுப் பார்க்கத் தெரியும் என்று உம்மையும் இழுத்துக்கொண்டு போவார்கள். மலைக்கோட்டை அடிவாரத்துத் துணிக்கடைகளில் கடை பூட்டும்வரை கால்கடுக்க நின்றுவிட்டு அடுத்த நாள் கொழும்புக்குத் திரும்பிவிடுவீர். "மலையை நாலு தரம் கீழ நிண்டு அண்ணாந்து பாத்திட்டன். ஒருக்கா உச்சியில நிண்டு ஆத்தைப் பாக்கவேணும்" என்று ஆசிரியர் அறையில் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்! பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்தில் நீர் கணிதமும் நான் வரலாறும் படிப்பித்த இருபத்தாறு வருடத்தில், உமக்கென்று நீர் ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

இருவரும் ஒரே வருடம் ஓய்வு பெற்றோம். "இனிப் போவம்" என்றேன். ஒரு நாள்தான் கிடைக்கும் என்றீர். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்த அம்மாவை இரண்டு இரவுக்கு மேல் தம்பி மனைவியின் தலையில் கட்ட உமக்கு மனமில்லை. போகிற நாளும் வருகிற நாளும் பிரயாணத்தில் போய்விடும். நடுவில் ஒரேயொரு நாள். அந்த நாளுக்கு நீர் நேரசூசி போட்டீர்.

பள்ளிக்கூடத்துக்கும் வருடா வருடம் நேரசூசி போட்டவர் நீர்தான். வேறு யாரும் தொடப் பயப்படுகிற வேலை. எனக்கு முதற் பாடவேளை வேண்டாம், எனக்கு வெள்ளிக்கிழமை கடைசி வேண்டாம் என்று ஆளுக்கு ஆள் வந்து உம்முடைய மேசையைச் சுற்றி நிற்பார்கள். எல்லாருக்கும் ஓம் சொல்லிவிட்டு, யாருக்கும் வேண்டாத பாடவேளைகளை உம்முடைய பெயருக்கு நேரே எழுதிவிடுவீர். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தூங்கி வழிகிற பிள்ளைகளுக்கு அட்சரகணிதம் சொல்லிக் கொடுத்த ஒரே ஆள் நீர்தான்.

திருச்சிக்கும் அதே கட்டம் போட்ட தாள், அதே சிவப்புப் பேனை, எட்டுப் பாடவேளை. முதலாவது, பாலத்தைக் கடந்து அம்மா மண்டபத்தில் காவேரி. இரண்டும் மூன்றும் ஸ்ரீரங்கம். நான்கு, திருவானைக்காவல், ஏனென்றால் அங்கே உச்சிக்காலப் பூசைக்கு ஐயர் சேலை கட்டிக்கொண்டு அம்பாளாக வந்து சுவாமிக்குப் பூசை செய்வார், அது மத்தியானம் மட்டும்தான். கோயில் பூட்டியிருக்கும் நேரத்தில் சாப்பாடும் கொஞ்சம் படுக்கையும். ஐந்தும் ஆறும் உறையூர். ஏழு, மலையேறுவது. எட்டாம் பாடவேளைக்கு நேரே "உச்சி. சும்மா இருத்தல்" என்று எழுதியிருந்தீர். அதைப் பார்த்து நான் சிரித்தேன். "எங்களுக்கு அதுக்கு ஒரு பாடவேளை வேணும், மிஸ்" என்றீர்.

அதோடு நின்றிருக்கலாம். நீர் வாயை மூடிக்கொண்டு பிளேன் ஏறியிருக்கலாம். கோயிலில் யாரோ கேட்க, திருச்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டீர்.

எங்கள் ஆட்களைப் பற்றி உமக்குத் தெரியாதா? ஒருவர் பிளேன் ஏறுகிறார் என்றால் ஊருக்கே ஒரு தபால்காரர் கிடைத்த மாதிரி. சண்டைக் காலத்தில் கடல் கடந்து போய்த் திருச்சியில் தங்கிவிட்ட சொந்தம் எல்லா வீட்டுக்கும் இருக்கிறது. "ஒரு சின்னச் சாமான்தான்" என்று வந்தார்கள். உம்முடைய ஒழுங்கையில் மூன்றாம் வீட்டு அம்மா மிளகாய்த்தூள் கொண்டுவந்தார். எங்களோடு படிப்பித்த சங்கீத மிஸ் பனையோலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டியோடு வந்தார். ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒருவர் மரத்தாலான இடியப்ப உரலைத் தூக்கிக்கொண்டு வந்தார். திருச்சியில் இடியப்ப உரல் கிடைக்காதா? பதினொரு பார்சல். எல்லாம் உறையூர், கே.கே. நகர் என்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் மூலைக்கு ஒன்று.

"நீர் என்ன தபால் கந்தோரா?" என்று போனில் கத்தினேன்.

"பாவங்கள். கேட்டா என்னெண்டு மாட்டன் எண்டுறது? ஒரு பாடவேளையைத்தானே குடுக்கிறம்."

ஒரு பாடவேளை! கட்டுநாயக்காவில் பைகளை நிறுத்துப் பார்த்த பொடியன் சிங்களத்தில், இதெல்லாம் உங்களுடையதா என்று கேட்டபோது "ஒவ், ஒவ்" என்று தலையாட்டினீர். கணித மிஸ்ஸின் பைக்குள் இடியப்ப உரல். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிளேனில் உம்மோடு கதைக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு ஓட்டோவில் ஏறினோம். முதல் வீட்டில் இட்டலி சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். இரண்டாம் வீட்டில் கொழும்புப் புதினம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் எழும்ப விட்டார்கள். மூன்றாம் வீட்டில் ஆள் இல்லை, வரும்வரை படியில் குந்தியிருந்தோம். தூள் பார்சல் என் பைக்குள் வெடித்து எல்லாவற்றிலும் கொட்டியிருந்ததற்கு நீர் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டீர். மன்னிப்பு! பத்து மணிக்குக் காவேரியையும் ஸ்ரீரங்கத்தையும் வெட்டினீர். பதினொன்றரைக்கு, "பூசையைப் பிறகு ஒருநாள் பாப்பம்" என்று நான்காம் பாடவேளையையும் வெட்டினீர். சிவப்புப் பேனையால் கோடு போடும்போது உம்முடைய கை நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நடுங்கியிருக்க வேண்டும்.

"என்னம்மா, கோயில் குளம் பாக்க வந்தீங்களா, போஸ்ட்மேன் வேலைக்கு வந்தீங்களா?" என்று ஓட்டோக்காரர் கேட்டார். நீர் சிரித்தீர். நான் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு மலைக்கோட்டை அடிவாரத்தில் இறங்கினோம். பதினொரு பார்சலும் முடிந்திருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீர் அண்ணாந்து பார்த்தீர். ஏழும் எட்டும் மிச்சம் இருந்தன.

இதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. என் பையில் ஒரு பொதி இருந்தது. காட்டூரில் இருக்கும் என் சித்தப்பா மகளுக்குக் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் இரண்டு போத்தல் நல்லெண்ணெயும். அதை நான் பார்சல் என்று கணக்கெடுக்கவே இல்லை. என் சொந்தத்துக்கு நான் கொண்டுபோவது எப்படிப் பார்சலாகும்? அந்த நேரம் பார்த்து அவள் எனக்குப் போன் எடுத்தாள். சமைத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றாமல் நிற்கிறார்களாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு உம்மைப் பார்த்தேன்.

"ஒரு எட்டு போயிட்டு ஓடி வந்திடலாம்" என்றேன். நான்தான் சொன்னேன்.

நீர் என்னைத் திட்டவில்லை. தபால் கந்தோரா என்று கேட்கவில்லை. குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, "வாரும், போவம். மலை எங்க போகப்போகுது" என்றீர். அந்தச் செருப்பின் வார் பூட்டும் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. காட்டூரில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, அவளின் மூத்தவள் ஆடிய நடனத்தைப் பார்த்து, திரும்பி வந்தபோது மலைக்கோயில் கதவு பூட்டியிருந்தது. அடுத்த நாள் காலை பிளேன். திருச்சிக்குப் போய் ஆற்றைப் பார்க்காமல் திரும்பி வந்த இரண்டு பேர் நாங்கள்தான். பாலத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் போவோம் என்றோம். மூன்றாம் மாதம் கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டீராம், பிறகு எழும்பவே இல்லையாம். மற்றவர்களின் நெஞ்சு வலிக்கெல்லாம் பின்னால் ஓடியவர், உமக்கு வந்ததை ஒரு கிழமையாக யாருக்கும் சொல்லவில்லையாம். இதற்கும் உம்மை நான் மன்னிக்கவில்லை.

நேற்று உம்முடைய வீட்டுக்குப் போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். தூள் அம்மா, பனங்கட்டி சங்கீத மிஸ், இடியப்ப உரல்காரர். பந்தியில் இலைக்கு முன்னால் இருந்துகொண்டு சங்கீத மிஸ் கண்ணைத் துடைத்தார்.

"எவ்வளவு நல்ல மனுசி. ஒருநாளும் மாட்டன் எண்டு சொன்னதில்லை."

எல்லாரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"அந்த மனுசிக்கு ஒரேயொரு நாள் கிடைச்சது" என்றேன். "அதை நாங்கள் எல்லாரும் சேந்து பிச்சுப் பிச்சுத் திண்டிட்டம். இப்ப இலையில சோறும் திண்டுகொண்டு நல்ல மனுசி எண்டு அழுறம்."

சங்கீத மிஸ்ஸின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. நாங்கள் என்றுதான் சொன்னேன். அதற்குள் நான் இருப்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் தைரியம் வரவில்லை. தம்பி மனைவி வந்து, "அக்கா, கொஞ்சம் மெதுவா. அம்மா உங்களைக் கேக்கிறா" என்று என்னை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அம்மாவுக்குக் காது நன்றாக மங்கிவிட்டது. நான் முன்னறையில் கத்தியது எதுவும் அவருக்கு எட்டவில்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தினார்.

"நீதானே பிள்ளை அவளோட மலை ஏறினனி?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நான்தான் போ எண்டு அனுப்பினனான். என்னை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டவள். உச்சியில நிண்டு எனக்கும் சேத்துப் பாத்திட்டு வா எண்டனான். வந்து எல்லாம் சொன்னவள். பாதிப் படியில நீ இனி ஏலாது எண்டு குந்தியிட்டியாம். அவள்தான் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உண்மையோ?"

பொய்க்காரி! இருபத்தாறு வருடத்தில் உம்முடைய வாயால் ஒரு பொய்கூட நான் கேட்டதில்லை. கிழவிக்கு ஏமாற்றம் கொடுக்கக்கூடாது என்று ஒரு மலையையே ஏறி இறங்கியிருக்கிறீர். என்னையும் ஏற்றியிருக்கிறீர். எண்ணெய்ப் போத்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது. சொல்லியிருக்கலாம், 'அவவாலதான் அம்மா ஏறேலாமல் போச்சு' என்று. நான் நாலு நாள் உம்மோடு கோபித்துக்கொண்டு பிறகு அழுதிருப்பேன். அதற்கும் நீர் இடம் வைக்கவில்லை.

"உண்மையோ பிள்ளை?" என்று அம்மா திரும்பவும் கேட்டார்.

யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக்கூடியவள் என்று பள்ளிக்கூடம் முழுவதும் பெயர் எடுத்தவள் நான். அம்மாவின் காதருகே குனிந்து, "ஓம் அம்மா. நான்தான் குந்தினனான்" என்றேன்.

"அவள் சொன்னதெல்லாம் இப்ப மறந்து மறந்து போகுது. ஆறு எப்பிடி இருந்தது எண்டு நீ ஒருக்காச் சொல்லு."

சொன்னேன். முன்னறையில் அவர்கள் பாயாசம் குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, காணாத ஒன்றைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். களைத்துப்போய், மிச்சத்தை வாற வெள்ளிக்கிழமை வந்து சொல்லச் சொன்னார். போவேன். இனி வெள்ளிக்கிழமைகள் எனக்கு அந்தக் கட்டிலடியில்தான். உம்மேல் உள்ள கோபம் இதனால் ஒரு துளியும் குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஒன்றைத்தான் உம்மிடம் கேட்டுச் சரிபார்க்க முடியவில்லை. நீர் அம்மாவுக்குச் சொன்ன ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடியதோ எனக்குத் தெரியாது. நான் கரை முட்ட ஓட விட்டிருக்கிறேன்.