விரல் மேல் விரல்

24 ஜூலை 1913
கடை அடைக்கும்போது கதவுப் பலகை சரிந்து மகள் ஜெனீராவின் வலக்கை மேல் விழுந்தது. மோதிர விரல் முறிந்துவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை, துடித்துப்போனாள். ஹாலிஎல தோட்டத்து வீரய்யா எலும்பு கட்டுவதில் பேர் போனவர். மூங்கில் பத்தை வைத்து, விரலை நீட்டிக் கட்டினார்.

20 ஆகஸ்ட்
கட்டு அவிழ்த்தாயிற்று. விரித்துக் காட்டினாள். நேராக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். என் மனைவி ஸுபைரா இன்னும் சோறு ஊட்டுகிறாள். செல்லம் கொடுத்தே கெடுக்கப் போகிறாள்.

3 செப்டம்பர், பெருநாள்
நேற்று மருதோன்றி வைத்த பெண்கள் விரித்த கையைப் பார்த்து, நன்றாகக் கூடிவிட்டதென்றார்கள். இன்று எல்லோரும் சேர்ந்து உண்ணும் ஸஹன் தட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய மனுஷியாட்டம் தானே அள்ளினாள். விரல்களை மடக்கியதும் மோதிர விரல் முறுக்கிக்கொண்டு நடுவிரல் மேல் ஏறியது. சோறு சிந்திற்று. ஊட்டி ஊட்டியே, அவள் கை மூடியதை ஒருவரும் பார்க்கவில்லையே!

6 செப்டம்பர்
ஆஸ்பத்திரி. வெள்ளைக்கார டாக்டர் துரை சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார்: எலும்பு திருகிக் கூடிவிட்டது. மயக்கம் கொடுத்து, வெட்டி, திருப்பி வைக்க வேண்டும். சீழ் பிடித்தால் விரலே போகலாம். மயக்கத்திலிருந்து எழும்பாத பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். உண்டாம். ஏன் கேட்டேன்?

9 செப்டம்பர்
ஸுபைரா விடவில்லை. "ஆறின கைய ஏன் திரும்ப ஒடைக்கணும்? கோண விரலோட வாழலாம். புள்ள முழிக்காட்டி என்ன செய்வீங்க?"
கடையில் துணியைத் தப்பாக வெட்டினேன்.

11 செப்டம்பர்
சரி என்கிறேன். வேணாம் என்கிறேன். எனக்கே என் மேல் எரிச்சல்.

13 செப்டம்பர்
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 'நண்டுக் கை' என்றார்களாம். ஜெனீரா கையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு மூலையில் இருக்கிறாள். இனி யோசிக்க என்ன இருக்கு? ஸுபைரா அழுதாள். வேண்டாமென்று சொல்லவில்லை.

17 செப்டம்பர்
முழித்துவிட்டாள். யா அல்லாஹ், முழித்துவிட்டாள்.

22 செப்டம்பர்
விரல் வீங்கிச் சிவந்திருக்கிறது. காய்ச்சல். டாக்டர் தையலைப் பிரித்துக் கழுவினார். ஸுபைரா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தொலைத்தாலாவது தேவலை — நான்தானே கூட்டிப்போனேன்?

30 செப்டம்பர்
காய்ச்சல் விட்டது. விரல் இருக்கிறது.

25 அக்டோபர்
கட்டு அவிழ்த்தார்கள். டாக்டர் கையை விரிக்கச் சொல்லவில்லை, மூடச் சொன்னார். நுனி முழுக்க மடங்கவில்லை, நாளாகுமாம். பயத்தில் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். திரும்பும்போது வண்டியில், உன்னை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம் என்று சீண்டினேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை மூடி என் தொடையில் ஓங்கிக் குத்தினாள். நாலு விரலும் பக்கத்தில் பக்கத்தில்.

"இன்னொரு தரம் குத்து, மகள்" என்றேன்.