இடப்பக்கம் பார்த்தவனுக்கு

இன்று ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் கடைக்கு வயர் வாங்கப் போன நான் அந்தச் சூடான வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். துபாயில் நம் அறைக்குக் கீழே மாதக்கணக்கில் அடித்த வாசனை. ஜன்னலைச் சாத்தினாலும் சோற்றில் ஏறிவிடுகிறது என்று நீ திட்டிக்கொண்டே சாப்பிடுவாய். அதை நினைத்துச் சிரிப்பு வந்த நேரத்தில்தான், டீக்கடைக்காரர் தார் போட வந்த ஆட்களிடம் சொல்வது காதில் விழுந்தது.

"இந்த எடத்துலதான் துபாய்க்காரர் ஒருத்தரு லாரில அடிபட்டாரு. காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துருக்காரு."

நீ போய் வருடங்கள் ஆகின்றன. அந்த ஆள் இன்னும் உனக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார். "அவன் குடிக்க மாட்டான்யா. நான் கூடவே நின்னேன்" என்றேன். "சேக்காளிய விட்டுக்கொடுக்காமப் பேசுதீக, சரிதான்" என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றினார். வாங்க வந்ததை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

மில்லில் நாம் ஒரே ஷிப்டு எலக்ட்ரீஷியன்கள். நீ ராஜபாளையம், நான் ஸ்ரீவில்லிபுத்தூர். எண்பதுகளின் நடுவில் நீ முதலில் துபாய் போனாய். பிறகு என்னையும் அழைத்துக்கொண்டாய். நான் போய் இறங்கிய மறுநாள், ரோட்டைத் தாண்ட வலப்பக்கம் பார்த்துவிட்டுக் காலை வைத்தேன். நீ சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்தது. ஒரு கார் என் முழங்காலை உரசுகிற மாதிரி போனது.

"ஏலே, இங்க வண்டி எல்லாம் நம்மூருக்கு மாத்தி ஓடுது. மொதல்ல இடப்பக்கம் பாரு. பழக்கமாகுற வரைக்கும் வாய்விட்டுச் சொல்லிட்டே இறங்கு" என்றாய். வெட்கத்தோடு நானும் "இடம், இடம்" என்று முனகிக்கொண்டே ஒரு மாதம் ரோட்டைத் தாண்டினேன்.

அந்தப் பெரிய நகரத்தில் எப்படிப் பிழைத்துக் கிடப்பது என்று எனக்குச் சொன்னவன் நீ. தெருப் பெயரை நம்பாதே, மூலையில் என்ன கடை இருக்கிறது என்று மனத்தில் வை என்பாய். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வைப்பாய். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்ததால் அதன் நகல் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கச் சொன்னாய். நம் அறை இருக்கும் இடத்தை அரபியில் யாரிடமோ எழுதி வாங்கி, புதிதாக வருகிறவன் சட்டைப்பையில் நீயே திணிப்பாய். கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் வந்து, முதல் வெள்ளிக்கிழமை படுக்கையை விட்டு எழாமல் அழுதாரே, நினைவிருக்கிறதா? "அழுது முடிச்சிட்டுக் குளிச்சிட்டு வாங்க. வெயிலு ஏறுமுன்ன படகுல அக்கரைக்குப் போவோம்" என்று அழைத்துப் போனாய். திரும்பும்போது அவர் உன்னிடம் மீன் விலை பேசிக்கொண்டு வந்தார்.

அங்கே பாட்டில் திறக்காத அறைகள் குறைவு. நீ இருந்த அறையில் மட்டும் திறக்க முடியாது. அப்படிப்பட்ட உன்னைத்தான் இவர்கள்.

நான் முன்பே ஊர் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் எலக்ட்ரிகல் கடை வைத்துவிட்டேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நீ லீவில் வந்தாய். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. உன்னைப் பார்க்க வந்த என்னைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே வந்தாய். டீ குடித்தோம். "எதுத்தாப்புலதான் வில்லிபுத்தூர் பஸ் நிக்கும். நீ மெதுவா வா, நான் போயி எடம் போடுதேன்" என்று ரோட்டோரம் போனாய். உன் தலை இடப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் ரோடு காலியாக இருந்தது. இறங்கிவிட்டாய். பஞ்சு ஏற்றிய லாரி வலப்பக்கமிருந்து வந்தது. நான் கத்தியது உனக்குக் கேட்டதா என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினாறாம் நாள் உன் வீட்டில் பந்தி நடந்தது. உன் மனைவி சரோஜாவின் அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் நீ குடித்திருந்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

"குடிச்சிருந்தான்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"ஊரே சொல்லுது. பட்டப்பகல்ல அம்புட்டுப் பெரிய லாரி கண்ணுக்குத் தெரியலைன்னா வேற என்னங்கேன்?"

அங்கே வண்டிகள் எப்படி ஓடும், நீ ஏன் அந்தப் பக்கம் பார்த்தாய் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், "ரோட்டப் பாக்குறதுக்கும் துபாய்ல தனிப் பாடமாக்கும்" என்றார். இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். உன் சாவுச் சோற்றைத் தின்றுகொண்டே சிரித்தார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வெளியே வந்தேன்.

தெருமுனை தாண்டவில்லை, பின்னாலேயே சரோஜா வந்தாள். "அண்ணே, அவிய எப்படிப் பாத்தாகன்னு எனக்குச் செத்த காட்டுங்க."

முடியாது என்றேன். அவள் நகரவில்லை. மெயின் ரோட்டு ஓரத்துக்கு அவளே போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்று, தலையை இடப்பக்கம் திருப்பிக் காட்டினேன். அவளும் திருப்பினாள். அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து ஒரு பஸ் எங்களை ஒட்டிக் கடந்தது. அவள் முந்தானை காற்றில் இழுபட்டது.

"இப்படிப் பாத்தா அது தெரியாதுதான்" என்றாள். குரலில் அழுகை இல்லை.

திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். பந்தி நடந்த இடத்தில் நின்று, தன் அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்: "எம் புருசன் குடிக்கல. பழகுன பழக்கத்துல பாத்துட்டாரு. இனி குடிச்சாருன்னு சொல்லுத யாரும் இந்த வாசல் மிதிக்க வேண்டாம். நீயுந்தான்." பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். அவள் அண்ணன் வாய் அன்றோடு மூடியது. ஊர் வாய் மூடவில்லை.

எனக்கு உன் மேலும் கோபம்தான். போகிறவர்களுக்கெல்லாம் அத்தனை சொன்ன நீ, திரும்பி வருகிறவனுக்கும் ஊர் புதிதுதான் என்று ஒருதரம் நினைத்துப் பார்த்தாயா? நம் ஊர்தானே என்ற அந்த மெத்தனம்தான் உன்னைக் கொண்டுபோனது. அங்கே ஒருவரை ஒருவர் பிடித்து இழுக்க ஆள் இருந்தது. இங்கே வந்தவனை மாலை போடாத குறையாகக் கூட்டிப் போனார்களே தவிர, கையைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் என்று சுற்றுப்பட்டிலிருந்து வளைகுடா போகிறவர்கள் இப்போது என் கடைக்கு வருகிறார்கள். நீ சொன்னதை எல்லாம் உன் வார்த்தையிலேயே சொல்கிறேன். கடைசியில் என் பங்குக்கு ஒன்று: "லீவுல வந்தா மொத பத்து நாளு தனியா ரோட்டத் தாண்டாதீக. வீட்டு ஆளு யாரையாவது கையப் பிடிச்சுக்கிடச் சொல்லுங்க."

எல்லோரும் சிரிக்கிறார்கள். பொறந்து வளர்ந்த ஊரில் கையைப் பிடிப்பதா என்கிறார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு குரலை உயர்த்தி, முதலிலிருந்து மறுபடியும் சொல்கிறேன்.