அக்கப்போருக்கு ஒரு பென்டிரைவ்

ஜூன் 2

அன்புள்ள அக்கப்போருக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம், அப்பாவும் நலம். அப்பாவின் லிஃப்ட் மெக்கானிக் வேலையில் ஏற்ற இறக்கம் இருக்கத்தானே செய்யும்? நேற்று ஒரு வக்கீல் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு, "உங்க மேல கேஸ் போடுவேன்" என்று உள்ளிருந்தே கத்தினாராம். "முதல்ல வெளிய வாங்க சார், அப்புறம் போடலாம்" என்றாராம் அப்பா. அங்கே அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் எந்த ஷிஃப்ட்? ஒருவருக்கு லிஃப்ட், ஒருவருக்கு ஷிஃப்ட், ஆளுக்கொரு ஊரில் நாம் இரண்டு கிஃப்ட்.

நீ கேட்ட அனிமேஷன் மென்பொருள் இத்துடன் வரும் சிவப்பு பென்டிரைவில் இருக்கிறது. மென்பொருளை மென்றுதான் விழுங்க வேண்டும், அக்கா. உன் லேப்டாப் கிழம். அதனால்தான் நீங்கள் அங்கே குடிபோகும் முன் அதில் எடை குறைந்த லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சிஸ்டம் பொடிசு, எளிதில் கெடாது. ஆனால் நீ வரைந்தது, மாற்றியது எல்லாம் "சேமிப்பு" என்ற ஒரே கோப்புக்குள் இருக்கிறது. அது கெட்டால் உன் படம் போச்சு. லாண்டரியில் வேலை பார்த்துக்கொண்டே, சட்டையைக் கண்டால் நடுங்கும் கார்ட்டூன் இஸ்திரிப் பெட்டியைக் கண்டுபிடித்தவள் நீ ஒருத்திதான். அதைத் தொலைத்துவிடாதே. உன்னிடம் காலியாக இருக்கும் நீல பென்டிரைவில் முதலில் அந்தக் கோப்பை நகல் எடு.

பிறகு கைரேகை. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்று எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரிசை உண்டு. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வரிசை மாறிவிடும். வீட்டில் இன்டர்நெட் இல்லை, நூலகத்துக் கணினியில் பென்டிரைவ் செருக விடமாட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பரவாயில்லை. நூலகத்தில் அந்த மென்பொருளின் சொந்த இணையப் பக்கத்தைத் திறந்து, அங்கே போட்டிருக்கும் வரிசையைத் தாளில் எழுதிக்கொள். வீட்டுக்கு வந்து, என் கோப்புக்கு லேப்டாப் காட்டும் வரிசையோடு ஒப்பிடு. ஒத்துப்போனால் மட்டும் நிறுவு. நானே எழுதி அனுப்பலாம்தான். என் சரக்குக்கு நானே சான்றிதழ் கொடுத்தால் நன்றாகவா இருக்கும்?

ஒத்துப்போனாலும் உடனே சேமிப்பில் சேர்த்துவிடாதே. சேமிப்புக் கோப்பைத் தொடாமல் சிஸ்டத்தைத் தொடங்கி, மென்பொருளை ஓட்டிப் பார். பிடிக்கவில்லையா, அணைத்துவிடு. வந்த சுவடே இருக்காது.

அம்மா என்னை வரச் சொன்னாள் என்று மறுபடி எழுதியிருக்கிறாய். பரீட்சை இருக்கிறது. அது முடிந்ததும் பரீட்சை முடிந்த களைப்பு இருக்கும். பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாலு (தற்சமயம் சுருட்டி வைக்கப்பட்டுள்ளது)


ஜூன் 10

வாலுக்கு,

"அன்புள்ள" என்று எழுதிவிட்டு, வேறு தாள் எடுத்துக்கொண்டேன்.

லாண்டரியில் அரைநாள் லீவு சொல்லி நூலகத்துக்குப் போனேன். கை வலிக்க அந்த வரிசையை எழுதினேன். பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மந்திரமா?" என்றார். வீட்டுக்கு வந்து ஒப்பிட்டால் முதல் எழுத்தே வேறு. கடைசி எழுத்தும் வேறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தேன்.

என்னடா போட்டு வைத்திருக்கிறாய் அதற்குள்? போன வருஷம் லேப்டாப்பை அணைக்கும்போதெல்லாம் கழுதை கத்தியது. அதற்கு முன்னால் திரையையே படம் எடுத்து ஒட்டிவைத்தாய், நான் அரைமணி நேரம் படத்தை அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மாதக் கடைசிக்குள் இடம் கேட்டு ஒரு நிமிடப் படம் அனிமேஷன் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். அடுத்த வருஷம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அப்புறம் யார் யாரோ சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டு இங்கேயே இருக்க வேண்டியதுதான். இது உனக்குத் தெரியும். தெரிந்துமா?

அம்மா, "அவன் அப்படிச் செய்ய மாட்டான்டி, இன்னொரு தடவை பாரு" என்கிறாள். அவள் எப்போது உன்னை விட்டுக்கொடுத்தாள்?

பதில் எழுத வேண்டாம். தெருமுனை மொபைல் கடையில் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஜூன் 13

அக்கா,

இந்தக் கடிதத்தில் ஜோக் இல்லை. தேடாதே.

அந்தக் கோப்புக்குள் நான் எதையும் வைக்கவில்லை. நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம், இன்னொரு முறை நூலகத்துக்குப் போ. உன் லேப்டாப் முப்பத்திரண்டு பிட் என்ற பழைய வகை. அந்தப் பக்கத்தில் மேலே பெரிதாக இருப்பது அறுபத்துநான்கு பிட் கணினிகளுக்கான கோப்பு. நீ எழுதி வந்தது அதன் வரிசையாக இருக்கும். பக்கத்தைக் கீழே இறக்கினால், பழைய கணினிகளுக்கு என்று சின்ன எழுத்தில் இன்னொரு கோப்பு இருக்கும். நான் அனுப்பியது அது. வேறு கோப்பு, ஆகவே வேறு வரிசை. வக்கீல் கதை எழுதிய இடத்தில் இதை எழுதியிருக்க வேண்டும்.

அதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் பென்டிரைவைக் குப்பையில் போடு.

மொபைல் கடையில் கொடுப்பதானால் நகல் எடுத்த பிறகு கொடு. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் வேறு சிஸ்டத்துக்காகச் செய்த மென்பொருளை இதில் போட்டால் இது படுத்துவிடும்.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள வாலுக்கு,

இந்த முறை தாளை மாற்றவில்லை.

உன் கடிதம் வரும் முன்பே மொபைல் கடைக்குப் போய்விட்டேன். "ரெண்டே நிமிஷம்மா, டீ குடிச்சிட்டு வாங்க" என்றார் கடைக்கார அண்ணன். குடித்துவிட்டு வந்தேன். திரை கன்னங்கரேல் என்று இருந்தது, மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னியது.

"என்னண்ணா ஆச்சு?"

"போடலாமா வேணாமான்னு என்னமோ கேட்டுச்சும்மா. நான் போடுன்னு அமுக்கிட்டேன்."

"அது வேணாம்னு சொல்லியிருக்கும்ணா."

"இருக்கும். இங்கிலீஷ்ல நீளமா இருந்துச்சு. மெஷின் பழசும்மா, புதுசு வாங்கிடுங்க."

லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தேன். அழுதேனா என்று கேட்காதே. கதவிடுக்கில் உன் கடிதம் இருந்தது. எடுத்ததும் ஜோக்கைத்தான் தேடினேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்த அம்மா, "இவனா எழுதினான்? ஒடம்பு சரியில்லையாடி அவனுக்கு?" என்று பதறிவிட்டாள்.

நகல் இருந்ததுடா. உன் பென்டிரைவைச் செருகும் முன்பே எடுத்துவிட்டேன், உனக்குப் பயந்து. அது கடைக்கார அண்ணனிடமிருந்து என்னைக் காப்பாற்றியது. நீ எழுதியபடி சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, சேமிப்புக் கோப்புதான் பாழாகியிருந்தது. சேமிப்பைத் தொடாமல் சிஸ்டத்தைத் தொடங்கி, அதைத் தூக்கிவிட்டு நீலத்தில் இருந்ததை வைத்தேன். திரை வந்தது. என் இஸ்திரிப் பெட்டி விட்ட இடத்தில் அப்படியே நடுங்கிக்கொண்டு நின்றது.

மறுநாள் நூலகத்தில் பக்கத்தைக் கீழே இறக்கினேன். சின்ன எழுத்து. எழுதி வந்தேன். அம்மா தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க, நான் திரையைப் பார்த்தேன். கடைசி எழுத்து வரை ஒன்றுதான். "நான் சொன்னேன்ல" என்றுகூட அம்மா சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு மாலை முழுக்கச் சேர்க்காமல் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு சேர்த்தேன். பெட்டி நடக்கிறது. சட்டை துரத்துகிறது.

கோபமா?

அக்கா


ஜூலை 17

அன்புள்ள தம்பிக்கு,

பதிலே இல்லை. தூரத்தில் வரும்போதே தபால்காரர் கையை விரித்துவிடுகிறார்.

நேற்று மட்டும் விரிக்கவில்லை. கல்லூரியிலிருந்து கடிதம். இடம் கிடைத்துவிட்டது! அடுத்த மாதம் சேர வேண்டும். லாண்டரி முதலாளி, "அப்போ என் சட்டைய யாரு தேய்க்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவரே எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி விடாமல் சொல்லியிருக்கிறாள்.

சேரும்போது அடுத்த படத்துக்கு ஒரு காட்சி எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், சிரிப்பு வருகிற மாதிரி. எனக்கு வரையத்தான் வரும். சேட்டை உன் துறை. ஒன்று எழுதி அனுப்பு. கோபம் தீர்ந்திருந்தால் அனுப்பு. தீராவிட்டாலும் அனுப்பு, அதற்கென்று தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 22

அன்புள்ள அக்கப்போருக்கு,

அப்பா உன் கடிதத்தை லிஃப்டுக்குள் நின்று சத்தமாகப் படித்தார். எல்லா மாடிக்காரர்களும் வாழ்த்துச் சொன்னார்கள். வக்கீல் உட்பட.

நான் அனுப்பியது கோப்பு, திரும்பி வந்தது கோபம். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு நாளாக நான் செய்ததைப் பார்த்தால் நீ வேறெப்படி நினைத்திருக்க முடியும்? பதில் எழுத உட்கார்ந்தேன். ஜோக் எழுதினால் நீ நம்ப மாட்டாய், எழுதாவிட்டால் அம்மா மாத்திரை அனுப்புவாள். அப்படியே எழுந்துவிட்டேன்.

இன்னொன்று. நான் அங்கே வராததற்குப் பரீட்சை காரணம் இல்லை. வந்தால் திரும்பிப் போக வேண்டும். பஸ் ஏறும்போது அம்மா முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

காட்சி எழுதிவிட்டேன்:

ஒரு வீட்டின் வாசல். சனிக்கிழமை காலை. ஒரு பையன் பையும் கையுமாகப் படியேறி வந்து அழைப்பு மணியை அழுத்துகிறான். மணியை அழுத்திவிட்டு ஓடுவது அவன் பிறவித் தொழில். உள்ளேயிருந்து, "யாருப்பா அது?" என்று குரல். செருப்புச் சத்தம் கதவை நெருங்குகிறது. பையன் ஓடவில்லை.

கல்லூரிக்கு வேறு காட்சி நேரில் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை மணி அடித்தால் நீ எழுந்திருக்காதே. அம்மா திறக்கட்டும்.

உன் தம்பி