ஒரு குறையும் இல்லை, சார்

பேட்டை, திருநெல்வேலி.
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

மஸ்கட்டில் நல்லபடியாக இருக்கும் மருமகள் டார்லினுக்கு, உன் சின்ன மாமா சத்தியநேசன் ஆண்டவர் பேரைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். இங்கன எல்லாரும் சுகம். உன் மாமியாருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. அது விட்டுவிட்டால் மதினிக்குப் பேச விஷயம் இருக்காது, ஆகவே அதுவும் ஒரு வகையில் சுகம்தான். மழை நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் கலங்கி வருகிறது, குழாயிலும் அதே நிறத்தில்தான் வருகிறது.

இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாரே என்று நினைப்பாய். போனில் பேசலாம் என்றால் பக்கத்தில் உன் வீட்டுக்காரன் மெர்வின் இருப்பான். வாட்ஸப்பில் அனுப்பினாலும் என் போனை அடிக்கடி சரிபண்ணித் தருகிறவன் அவன்தான், பார்த்துவிடுவான். என் பட்டறைக்கு அடுத்த பட்டறை ரசீத் பாயின் மச்சான் இந்த வாரம் மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். உன் கையில் மட்டும்தான் தரணும் என்று சொல்லி அவரிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே மதினி போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் வரும். ஊறுகாயைக் கூட இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடு. கடிதத்தை நீ மட்டும் வாசி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் படித்தது எட்டாம் வகுப்பு, ஆனால் என் காலத்து எட்டாம் வகுப்பு இந்தக் காலத்து எம்.ஏ.வுக்கு ஒரு படி மேல்.

மெர்வினுக்கு மெடிக்கல் போர்டு நடந்தது. நல்லா நடந்துச்சு என்று உன்னிடம் ஒரே வரியில் முடித்திருப்பான். நடந்ததை முழுசாக நான் எழுதுகிறேன். முன்னுரை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும்.

பட்டாளத்தில் சேரும்போது அவன் மேல் ஒரு கொசுக்கடித் தழும்புகூடக் கிடையாது. பனிமலையில் காவல் இருந்தபோது முழங்கையில் வெள்ளைச் செதிலாக ஆரம்பித்தது. சொரியாசிஸ் என்றார்கள். அது முதுகு, கால், தலை என்று ஏறி, கடைசியில் பாதி சர்வீஸிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சர்வீஸ் நிறையாததால் சாதாரணப் பென்ஷன் கிடையாது. ஊனப் பென்ஷன் கேட்டோம். நோய் இருபது சதவீதம் இருந்தால்தான் உண்டு, இவனுக்கு அவ்வளவு இல்லை என்று தள்ளிவிட்டார்கள். அதற்கு மேல்முறையீடு போட்டுத்தான் இந்த மறுபோர்டு. எழுதியது வக்கீல் என்று பேர், வாசகம் எல்லாம் நான் சொன்னது. நீரு கோட்டுப் போடாத வக்கீல் வே என்று அவரே சொன்னார். பென்ஷன் கிடைத்தால் ராணுவ ஆஸ்பத்திரியில் ஆயுசுக்கும் வைத்தியம் உண்டு. தச்சநல்லூர் குடோன் வாசலில் வாட்ச்மேனாக நைலான் யூனிபார்மில் வேர்த்து ஒழுகி நிற்க வேண்டியதில்லை. நீயும் அங்கனயே கிடக்க வேண்டியதில்லை.

இனிமேல்தான் விஷயம். போர்டுக்குக் கூப்பிட்டு ஓலை வந்த அன்றைக்கே, லே, ஆபீசர் முன்னால் போகிறவன் பார்க்க லட்சணமாகப் போகணும் என்று சொல்லிவிட்டேன். மதினி கருவாட்டை நிறுத்தினாள், கத்திரிக்காயை நிறுத்தினாள். நான் வெட்பாலைத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அவன் ஆஸ்பத்திரிக் களிம்பும் தைலமும் மாற்றி மாற்றிப் போட்டு, குடோனுக்கு லீவு சொல்லி, வெயிலில் தலை காட்டாமல் இருந்தான். கிறிஸ்மஸுக்கு வீட்டை வெள்ளையடிப்போமே, அந்த மாதிரி அவனை வெள்ளையடித்தோம் என்று வை. செதில் எல்லாம் அடங்கி, கை கால் மினுமினு என்று ஆகிவிட்டது. புதுசாக முழுக்கை வெள்ளைச் சட்டை எடுத்தோம். அவன் ஷூவைத் தேய்த்த தேய்ப்பில் அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். ரயிலில் ஏறினால் பெட்டியே எழுந்து நின்று இடம் விட்டது.

நோயைக் காட்டப் போகிறவன் நோயை மறைத்துக்கொண்டு போகிறானே என்று எங்கள் மூணு பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, டார்லின். பெரிய இடத்துக்கு நல்லபடியாகப் போகணும். அது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அங்கன ராணுவ ஆஸ்பத்திரி வராண்டாவில் மாநாட்டுக் கூட்டம். அதில் நம்ம சபை ஜேசுதாசன் சார். அவர் மகனுக்குப் பீரங்கிச் சத்தத்தில் காது போன கேஸ். என்ன வே சத்தியநேசன், உம்ம அண்ணன் மகனுக்கு முழங்கால்ல குண்டுச் சிதறல்னுல்லா சொன்னீரு, தோல் டாக்டர் வாசல்ல உக்காந்திருக்கீரு என்று கேட்டார். நான் அப்படி ஊர் முழுக்கச் சொல்லி வைத்தது உனக்குத் தெரியும். குண்டு முழங்காலுக்குப் போகணும்னா தோலைக் கிழிச்சுக்கிட்டுத்தானே வே போகணும், அதான் முதல்ல தோல் டாக்டர் என்று ஒரு போடு போட்டேன். பக்கத்தில் இருந்த மெர்வின் குனிந்து ஷூவைப் பார்த்தான்.

டாக்டர் ஒரு கர்னல். மலையாளத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். பேசுவது அத்தனையும் வெளியே கேட்டது. தூக்கம் எப்படி என்று கேட்டார். நல்லா தூங்குதேன் சார் என்றான். அரிப்பு உண்டா என்றார். லேசா உண்டு சார், ஒரு குறையும் இல்லை சார் என்றான். வேலைக்குக் கஷ்டமா என்றார். ஒரு குறையும் இல்லை சார். ஆபீசர் வரிசையில் நடந்து வந்து கேட்கும்போதெல்லாம் விறைத்து நின்று இதையே சொல்லிப் பழகிய வாய் அது. வேற சொல் வரவில்லை. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது, எங்க பையன் எப்படிப் பதில் சொல்லுதான் பாரு என்று.

சட்டையைக் கழற்றச் சொன்னார். நான் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். கை, மார்பு எல்லாம் பார்த்துவிட்டு, இவ்வளவுதானே என்கிற மாதிரி ஏதோ எழுதப் போனார். அப்புறம் திரும்பி நிற்கச் சொன்னார். நான் திரையை நன்றாக விலக்கிப் பார்த்தேன். நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வெடித்துச் சிவந்து, புதுச் சட்டையில் ஒட்டிப் பிய்ந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. மருந்து யார் போடுறாங்க என்று கேட்டார். நானே போட்டுக்கிடுவேன் சார் என்றான். முதுகுக்கு என்றார். அவன் கழற்றின சட்டையைச் சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டான். அம்மா இருக்காங்களா என்றார். அம்மாவைத் தொட விட மாட்டேன் சார் என்றான். மனைவி என்றார். மஸ்கட்ல நர்ஸ் சார், அவளுக்கு என்னால ஒரு கஷ்டமும் கிடையாது சார், என்னால யாருக்கும் ஒரு கஷ்டமும் கிடையாது என்று அவர் கேட்காததுக்கும் சேர்த்துச் சொன்னான்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். வீட்டில் இவர் எப்படி இருப்பார், உள்ளதைச் சொல்லுங்கள் என்றார்.

எனக்குத் தெரியாததா? விடியுமுன் எழுந்து படுக்கையில் கொட்டிக் கிடக்கிற செதிலைத் தானே கூட்டி அள்ளுகிறான். விரல் கணு வெடிக்கிற நாளில் சட்டைப் பித்தான் போட முடியாமல் பனியனோடு திரிகிறான். முடி வெட்டுகிற கடையில் தனித் துண்டு கொண்டுவரச் சொன்னதிலிருந்து தானே கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொள்கிறான். அத்தனையும் நாக்கு நுனியில் இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் ஜேசுதாசன் சார் இருமினார். நான் சொன்னேன்: அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார், கோடைக்கு வாற சொறி, எங்க வம்சத்துல அப்படிப்பட்ட நோயெல்லாம் கிடையாது.

ஒன்றுக்கு நாலு சேர்த்துச் சொல்லக் கூசாதவன் நான். அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வாய் வரவில்லை. மெர்வின் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்க சொன்னது சரிதான் சித்தப்பா என்கிற மாதிரி நின்றான்.

கர்னல் பேனாவை மூடினார். நல்லா இருக்கிற ஆளைக் காட்டிவிட்டு நோய்க்குப் பென்ஷன் கேட்கிறீர்கள், நான் எதை எழுத என்றார். இன்றைக்கு எழுதினால் திரும்பவும் குறைவாகத்தான் வரும், அதனால் எழுதவில்லை, ஜனவரியில் வாருங்கள் என்றார். வழக்கமாகப் போடுகிற மருந்தைப் போடட்டும், இந்த அலங்காரம் எல்லாம் வேண்டாம், கூட வாழ்கிறவர் யாராவது வந்து உள்ளதைச் சொல்லட்டும் என்றார். அவர் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினதாகப் பேட்டையில் சொல்லியிருக்கிறேன். வழியனுப்பவில்லை. கையைக் காட்டிப் போகச் சொன்னார்.

திரும்பும்போது நாகர்கோவில் தாண்டுகிறவரை ஷூவையே பார்த்துக்கொண்டு வந்தான். அப்புறம், சித்தப்பா, ஜனவரிக்கு நான் போகலை என்றான். ஏம்லே என்றேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதில் நான் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. இவனுக்கு இவ்வளவு இருக்குன்னு சர்க்காரே முத்திரை குத்திக் கொடுத்துட்டா, டார்லின் போனது சரிதான்னு ஆயிரும்லா என்றான்.

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகளே, உன்னைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. நீ சம்பளத்துக்குப் போனாய் என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன், அரண்மனை ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் என்றும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீ போவதற்கு முன்னால் உங்கள் அறையில் பாய் தனித்தனியாகக் கிடந்தது மதினிக்குத் தெரியும். அவள் எனக்குச் சொன்னாள். நகர்த்திப் போட்டது நீயா, அவனா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. சபையில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்கும்போது அவன் கடைசி ஆளாகத்தான் போய் முழங்காலிடுகிறான். தான் வாய் வைத்த பாத்திரத்தில் இன்னொருத்தர் குடிக்கும்படி வரக் கூடாதாம். இது ஒட்டுகிற நோய் இல்லை, அது அவனுக்கும் தெரியும், நர்ஸான உனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. பாதிரி ஐயர் ஒருநாளும் அவனுக்குக் கொடுக்கத் தயங்கினதும் இல்லை. யாரும் கேட்கும் முன்னால் அவனாகவே ஒதுங்கிக்கொள்கிறான். பட்டாளத்தில் மூத்தவன் கடைசியில்தான் சாப்பிடுவான், அந்தப் பழக்கம் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன், எல்லாரும் நம்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவன் பாயையும் அவனேதான் நகர்த்திப் போட்டிருப்பான். போட்டுவிட்டு உன்னிடம் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டான். நீ வேறு மாதிரி நினைத்திருப்பாய். நான் நினைப்பது தப்பாக இருந்தால் இந்த வரியைக் கிழித்துப் போடு.

இன்றைக்குக் காலையில் அவன் வழக்கம்போலப் பின்னால் நின்றான். நான் அவனுக்கும் பின்னால் போய் நின்றேன். முன்னாடி போங்க சித்தப்பா என்று பைய சொன்னான். நீ போலே என்றேன். ஐயர் காத்துக்கொண்டு நின்றார். அவன் போனான், அவனுக்கு அப்புறம் அதே பாத்திரத்தில் நான் குடித்தேன். வெளியே வந்து ஜேசுதாசன் சாரிடம், குண்டும் இல்லை ஒன்றும் இல்லை வே, சொரியாசிஸ் என்று சொல்லிவிட்டேன். அது எனக்கு எப்பவே தெரியும் வே, என் மாமனாருக்கும் அதுதான் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷம் நான் சுமந்த குண்டு அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

ஜனவரியில் உனக்கு லீவு கிடைக்குமா? கர்னல் கேட்ட கேள்விக்கு என்னைவிட உனக்குப் பதில் தெரியும். நீ உள்ளே போய்ச் சொல், நான் வராண்டாவில் இருந்துகொள்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன். உன் மேல் சத்தியமாக மாட்டேன். லீவு இல்லை என்றாலும், வர மனசில்லை என்றாலும், அவனுக்கு ஒரு போன் போட்டு எதுக்குப் போனேன் என்று நீயே உன் வாயால் சொல்லிவிடு. எதுவானாலும் சரி. உன்னிடம் அவனாகக் கேட்க மாட்டான். நான் அவனுக்காகக் கேட்கிறேன்.

நான் எழுதினது அவனுக்குத் தெரிய வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு மருந்து போட்டுவிடுகிற உன் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

உன் சின்ன மாமா,
சத்தியநேசன்