நூறு வயதுப் பிரிவு

தானா ராத்தா
3.3.2025

அன்புள்ள தர்மா அண்ணனுக்கு,

ஃபியோனா எழுதுவது. போனில் என் பெயரைக் கண்டாலே கட் செய்துவிடுகிறீர்கள். அதனால் உங்கள் கோஸ் லோரியை ஓட்டுகிற வசந்தனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தைக் கட் செய்ய முடியாது, கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நம் பத்து மணி நேரச் சைக்கிள் ஓட்டம் ஜூன் 22-இல் மறுபடி நடக்கப்போகிறது. குகனேஸ்வரன்தான் புதுத் தலைவர். பிரிவுகளையும் விதிகளையும் புதிதாக எழுது என்று என் தலையில் கட்டிவிட்டார். "நீதானே ஸ்கூல் ஆபீஸ் கிராணி, எழுத்து வேலை உனக்குத் தண்ணி பட்ட பாடு லா" என்கிறார். எழுதத் தெரியும். மலை ஏறி இறங்கிப் பத்து மணி நேரம் மிதிப்பவனுக்கு எது நியாயம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மின்சாரச் சைக்கிளை எங்கே சேர்ப்பது? இருவர் மாறி மாறி ஓட்டும் பிரிவில் வயது வரம்பு வேண்டுமா? பெண்களுக்குப் போன முறை ஏழு மணி நேரம் வைத்தோம், அது சரியா?

இரண்டு வருஷத்துக்கு முன் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஒரு சுற்று முன்னால் போய்க்கொண்டிருந்த உங்களை நீக்கியது என் கையெழுத்துதான். மறக்கவில்லை. ஒன்பதாம் விதி, சாப்பாட்டுக் கூடாரம் தவிர வேறெங்கும் யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்றது. நீங்கள் நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் கேட்டில் நின்று தேத்தண்ணி குடித்தீர்கள். இப்போ பேர் பதிந்து மறுபடி வாருங்கள் அண்ணே. ஐம்பத்து நான்கு வயதில் இவ்வளவு ரோஷம் ஆகாது.

என் அம்மா, "தர்மா ஏன் வர்றதே இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

பாசத்துடன்,
ஃபியோனா


கம்போங் ராஜா
8.3.2025

ஃபியோனாவுக்கு,

கிழிக்கவில்லை. வசந்தன் பதில் வாங்காமல் போகமாட்டேன் என்று என் தக்காளிக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு தக்காளியையே தின்கிறான்.

மின்சாரச் சைக்கிளைத் தனியே போடு. அதற்குக் கோப்பை வேண்டாம், கைதட்டல் போதும்.

பெண்களுக்கு ஏழு மணி நேரம் என்று எந்த மடையன் எழுதினான்? நீ எழுதியிருந்தால் மன்னித்துக்கொள், ஆனாலும் மடத்தனம்தான். நம் அம்மாமார் கொழுந்துக் கூடையோடு இதே மேட்டில் ஏழு மணி நேரத்தோடா நிறுத்தினார்கள்? எல்லாருக்கும் பத்து மணி நேரம் என்று போடு.

இருவர் பிரிவில் தனித்தனி வயதைப் பார்க்காதே. ரெண்டு பேர் வயதையும் கூட்டு. நூறு வரவேண்டும். அதற்கு ஒரு பிரிவு வை.

நான் வரமாட்டேன். சைக்கிளில் இப்போது உரப் பை தொங்குகிறது. வீடியோவில் என் முதுகையும் ஒரு டம்ளரையும் பார்த்துவிட்டு மூன்று பக்கத் தீர்ப்பு எழுதினாய். தெரியாத ஆளை நீக்குகிற மாதிரி நீக்கினாய். என்ன நடந்தது அண்ணே என்று ஒரு வாய் கேட்டாயா? கோப்பை போனதற்கு நான் அழவில்லை.

தர்மேந்திரன்


தானா ராத்தா
17.3.2025

அன்புள்ள தர்மா அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தில் "அன்புள்ள" இல்லை. தேடிப் பார்த்தேன், பின்பக்கம் கூட இல்லை.

ஏழு மணி நேரம் எழுதிய மடைச்சி நான்தான். பத்து ஆக்கிவிட்டேன். மின்சாரச் சைக்கிளும் நீங்கள் சொன்னபடியே. ஆனால் நூறு வயதுதான் கமிட்டியில் நிற்கவில்லை. "நூறு வயசு ஜோடியா? அதுங்க ஓட்டுமா, தள்ளிக்கிட்டுப் போகுமா லா?" என்று குகனேஸ்வரன் சிரித்துவிட்டார். எண்பது வைக்கலாம் என்கிறார். எண்பதுக்கு நிறையப் பேர் வருவார்கள். நூறு என்றால் நான்கு ஜோடி தேறுமா? எனக்கே நாற்பத்தாறு. உங்களோடு இருவர் பிரிவில் ஓட்டியதெல்லாம் கமிட்டிக்கு வருவதற்கு முன். என் சைக்கிள் இப்போது துணி காயப்போடத்தான் உதவுகிறது.

கேட்காதது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு உங்களுக்கு அடுத்து வந்துகொண்டிருந்த ஈப்போக்காரன் புகார் எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினான். நானும் நீங்களும் ஒரே லயத்துப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் தெரியும். உங்களை விட்டால் ஆள் பார்த்து விட்டாள் என்பார்களே என்று பயந்தேன். படிவத்தில் "உதவியவர் பெயர்" என்ற இடத்தை நீங்களும் காலியாகத்தானே விட்டீர்கள்? கேட் பக்கம் ஐந்து வீடு. தவமலர் அக்காவாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் விதி விதிதான் அண்ணே. கிளந்தானிலிருந்து வருகிறவனுக்கு அந்த கேட்டில் தேத்தண்ணி ஊற்ற யார் இருக்கிறார்கள்?

பாசம் குறையாத,
ஃபியோனா


கம்போங் ராஜா
21.3.2025

ஃபியோனாவுக்கு,

கிளந்தான்காரனுக்கும் ஊற்றினார்கள். நான் கண்ணால் பார்த்தேன். சுற்றுக்குச் சுற்று எல்லாருக்கும்தான் டம்ளரை நீட்டினார்கள். மற்றவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள், அவர்களுக்கு அந்த வீட்டைத் தெரியாது. எனக்கு ஊற்றின தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பேன்? பத்து மணி வெயிலில் லயத்து வழியாகப் போகிறவனைச் சும்மா விடுகிற பழக்கம் நமக்கு எப்போது இருந்தது? டம்ளரைத் திருப்பித் தரவேண்டும், அதற்காகத்தான் நின்று குடித்தேன். எவர்சில்வரை எடுத்துக்கொண்டு ஓட முடியுமா?

யார் ஊற்றினார்கள் என்பது உனக்கு வேண்டாம்.

நூறுதான். எண்பது ஆக்கினால் என் யோசனை எல்லாவற்றையும் திருப்பிக் கொடு.

தர்மேந்திரன்


தானா ராத்தா
6.4.2025

அன்புள்ள தர்மா அண்ணனுக்கு,

தவக்காலத்தில் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லவேண்டும். நான் முதலில் உங்களிடம் சொல்கிறேன்.

இன்று பூசை முடிந்து லயத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். விதிகளை அங்கே இருக்கும் என் அண்ணிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் விதி வந்தது. அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்தார். "ஏண்டி, அன்னைக்குத் தர்மாவுக்குத் தேத்தண்ணி ஊத்தினது நாந்தான். அதுக்கா அவனைத் தூக்குனீங்க? செயின் அறுந்து ஓட்டம் நின்னுபோச்சு பெரியம்மான்னுல எங்கிட்ட சொன்னான்!"

அன்றைக்கு அம்மா ரிங்லெட்டுக்குப் பூசைக்குப் போயிருந்தார் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வேன் வராமல் பாதியில் திரும்பியிருக்கிறார். நான் பொறுப்பில் இருக்கிற ஓட்டம் என்று பெருமையாகக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கேட்டில் நின்றிருக்கிறார்.

அண்ணே, பன்னிரண்டாம் விதியையும் நான்தான் எழுதினேன். கமிட்டி ஆளின் குடும்பத்தார் ஓட்டக்காரருக்கு உதவினால் அந்த ஆள் கமிட்டியை விட்டு விலக வேண்டும். நீங்கள் அம்மா பெயரை, லூர்தம்மாள் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அன்று மாலையே நான் வெளியே போயிருப்பேன். ஈப்போக்காரன் அதைத்தான் எதிர்பார்த்தான். நீங்கள் அந்த இடத்தைக் காலியாக விட்டீர்கள். அம்மா மனசு நோகக் கூடாது என்று செயின் மேல் பழியைப் போட்டீர்கள். நான் மூன்று பக்கம் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்.

மதியமே கமிட்டியைக் கூட்டி உள்ளதைச் சொல்லிவிட்டேன். 2023 முடிவைத் திருத்தி எழுதுகிறார்கள். பன்னிரண்டாம் விதிப்படி நான் விலகிவிட்டேன். இனித் தீர்ப்புச் சொல்வது கமிட்டியில் மீதி இருக்கும் உமாதேவியும் குகனேஸ்வரனும். போகும் முன் புதிய ஒன்பதாம் விதியை எழுதிக் கொடுத்தேன்:

"லயத்து கேட்டில் எல்லாருக்கும் ஊற்றப்படும் தேத்தண்ணியை யாரும் குடிக்கலாம். நின்று குடித்து, டம்ளரைத் திருப்பித் தரவேண்டும். எடுத்துக்கொண்டு போனால் ஒரு சுற்று கழிக்கப்படும்."

நூறும் நிலைத்துவிட்டது. "போறவ கேட்கிறா, குடுத்துடுவோம்" என்றார் குகனேஸ்வரன்.

மன்னியுங்கள் அண்ணே. ஓட்டத்துக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவைப் பார்க்க வாருங்கள்.

உங்கள் தங்கை,
ஃபியோனா


கம்போங் ராஜா
9.4.2025

அன்புள்ள ஃபியோனா,

பின்பக்கம் தேடவேண்டாம், முன்னாலேயே எழுதிவிட்டேன்.

பெரியம்மாவை அழவேண்டாம் என்று சொல். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அந்தத் தேத்தண்ணியில் சர்க்கரை ரொம்ப அதிகம், அது மட்டும்தான் என் புகார்.

கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். கேட்பாய் கேட்பாய் என்று ரெண்டு வருஷம் இருந்தேன். ஆனால் உன் முதல் கடிதம் வந்த அன்றே பாதி போய்விட்டது. இல்லாவிட்டால் நூறு என்று எதற்குப் பிடிவாதம் பிடித்தேன்? குகனேஸ்வரனுக்குத்தான் கணக்கு வராது, கிராணி உனக்குமா வராது?

பதிவுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பிரிவு: இருவர், நூறு வயது. முதல் ஆள் தர்மேந்திரன், வயது 54. இரண்டாவது ஆளின் வயதை 46 என்று எழுதிவிட்டேன். பெயரை எழுதவில்லை. போன தடவை படிவத்தில் ஒரு பெயரை உனக்காக எழுதாமல் விட்டேன். இந்தத் தடவை நீயே எழுது.

துணியை எடுத்துவிட்டு டயருக்குக் காற்று அடி. வசந்தன் லோரியை நிறுத்திக்கொண்டு வெளியே நிற்பான். பேனா அவனிடம் இருக்கிறது.

அண்ணன்,
தர்மா