அப்பாவின் ரைட்

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். கண்ணாடியைக் காட்டியதும் இடது கையால் தாடையைத் தடவிப் பார்த்து, "ரைட்" என்றார். நன்றாக இருக்கிறதாம்.

வேறென்ன சொல்வார்? வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்த அன்றே பேச்சும் போயிற்று. மிஞ்சியது இந்த ஒரு சொல். கண்டக்டராக இருந்த காலமெல்லாம் பஸ் படியில் தொங்கிக்கொண்டு "ரைட், ரைட், போலாம்" என்று கத்தியவர். 'போலாம்' கூடப் போய்விட்டது. 'ரைட்' மட்டும் எங்கோ ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. டாக்டர் அப்போதே சொன்னார்: "சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டும்தாம்மா மிஞ்சும். அந்த வகையில உங்க அப்பா தேவலை."

மார்ச் 9, ஞாயிறு

'ரைட்'டை இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெட்டிச் சொன்னால் போதும். அடுத்தடுத்து இரண்டு தரம் என்றால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், பாத்ரூம். டி.வி.யில் யாராவது புளுகினால் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஒரு ரைட்: 'ஆமாமா, நீ சொன்னா சரிதான்.' கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 'இல்லை'. இன்று அம்மாவின் படத்தைத் துடைத்தபோது மிக மெதுவாக ஒன்று. அதற்கு எந்த வேலையும் இல்லை. சும்மா.

எனக்கு எல்லாம் புரிகிறது. என்னைத் தவிர யாருக்கும் புரியாது.

மார்ச் 12, புதன்

நான் அரைநாள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர். ஃபிரேமை மாட்டி, "ரைட் கண்ணு தெளிவா தெரியுதாங்க?" என்றேன். தெரியுது என்றவர் அப்படியே மூட்டுவலி, மருமகனின் குணம், மாடிவீட்டு நாய் என்று போய்க்கொண்டே இருந்தார். எனக்கும் விட மனமில்லை. முதலாளி இருமினார். வாக்கியம் வாக்கியமாக ஒருவர் என்னிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று.

மார்ச் 13, வியாழன்

மழை. துணி காயவில்லை.

மார்ச் 20, வியாழன்

தம்பி போன் செய்தான். அவன் ஊருக்கே அப்பாவை அழைத்துப் போகிறானாம். தரைத்தள வீடாம், மனைவிக்கும் சம்மதமாம்.

"மூணாவது மாடியில, லிஃப்டும் இல்லாம எத்தனை நாளைக்குக்கா? உனக்கும் ஒரு வாழ்க்கை வேணாமா?"

"என் வாழ்க்கையை நான் பாத்துக்கறேன். அவர் எங்கயும் வர மாட்டார்."

"அவர் எனக்கும் அப்பாதான். எனக்கும் ரைட்டு இருக்குல்ல?"

ரைட்டாம் ரைட்டு. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறான். பையைக்கூட இறக்கவில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா, எங்கூட வந்துடறீங்களா?" என்றான்.

அப்பா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"ரைட்."

"பாத்தியா! சரின்னுட்டாரு."

"கண்ணை மூடிட்டுச் சொன்னா இல்லைன்னு அர்த்தம்டா."

"யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்."

"நீயா அர்த்தம் வச்சுக்கறே அக்கா. அவர் வாயில உன் பேச்சைப் பேசறே."

அவன் மனைவி குடிக்கக் கொடுத்தனுப்பிய பழச்சாற்றைக்கூட நான் தொடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நானா அர்த்தம் வச்சுக்கறேனாம். ராத்திரி பகலா பக்கத்துல இருந்தவ நான். இவன் வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்து எட்டிப் பாத்துட்டு... எவ்வளவு சுலபமா சொல்லிட்டான்.

— அப்படியும் இருக்குமோ? மதியம் இழுத்து ஒரு ரைட் சொன்னார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். கொடுத்ததால் குடித்தாரோ?

ஏப்ரல் 5, சனி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் இன்று வீட்டுக்கே வந்தாள். தம்பிதான் ஏற்பாடு. எங்கள் இருவரையும் சமையலறையில் நிற்கச் சொல்லிவிட்டாள். "நீங்க முன்னாடி நின்னா அவர் உங்க முகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்வாரு."

கதவிடுக்கில் பார்த்தேன். இரண்டு புகைப்படங்களை மடியில் வைத்தாள். ஒன்று இந்த வீடு. ஒன்று தம்பியின் வீடு. "ஐயா, எங்க இருக்கணும்னு ஆசை? கையை வைங்க."

இடது கை நேரே தம்பி வீட்டின் மேல். படங்களை இடம் மாற்றி வைத்துக் கேட்டாள். மறுபடியும் அங்கேயே. தம்பி என்னைப் பார்க்கவில்லை, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு எங்களைக் கூப்பிட்டாள். "இங்க பாருங்க, வீட்டு மேலயே கை வைக்கல." அப்பாவின் விரல் படத்தின் ஓரத்தில் இருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு பஸ் நிறுத்தம். பாதி மட்டும் தெரிகிற ஒரு பஸ். விரலால் அதைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கள் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்.

"பஸ் பாக்கணுமாப்பா?" என்றேன். விரலை எடுக்காமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ரைட், ரைட்" என்றார். கண்ணோரத்தில் ஈரம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பஸ் பார்க்க வேண்டுமா என்று அவரிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. எப்படிக் கேட்டிருப்பேன்?

ஏப்ரல் 13, ஞாயிறு

அப்பா தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள், தம்பியும் கார் டிரைவரும். ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்குவார்கள். அப்பா "ரைட்" என்பார், தூக்குவார்கள். டிரைவர் சிரித்துவிட்டார்: "பெரியவர் சொன்னாத்தான் வண்டி நகருது."

காரில் ஏற்றியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை சொன்னார். இழுக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் தலையாட்டவும் இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

டி.வி.யைப் போட்டேன். ஒருவன் புளுகிக்கொண்டிருந்தான். அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

கடையில் லென்ஸ் தேய்க்கும் அக்காவை எல்லோரும் ரேடியோ என்போம். வாய் ஓயாது. இன்று, "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாயேன்டி" என்றாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன்: "அப்பா தனியா..." அதற்கு மேல் வரவில்லை. அவள் தேய்த்த லென்ஸையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

போகப்போவதில்லை. போக வேண்டும் என்று தோன்றவில்லை.

மே 4, ஞாயிறு

தம்பி அழைத்தான். "காலையில வாசல்ல உக்காந்தா சாப்பாட்டுக்குத்தான் உள்ள வர்றாரு. நின்னுட்டுக் கிளம்பற பஸ்ஸுக்கெல்லாம் இவர்தான் ரைட் குடுக்கறாரு. இப்ப கண்டக்டருங்க இவரைப் பாத்துக் கையாட்டிட்டுத்தான் விசில் அடிக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.

கொஞ்சம் தயங்கிவிட்டு, "அக்கா, சாயங்காலம் ஆனா ஒரு மாதிரி மெதுவாச் சொல்றாரு. என்ன கேக்கறாருன்னே தெரியல. உனக்குத் தெரியுமே" என்றான்.

தெரியும் என்று சொல்ல நாக்கு துடித்தது.

"சரியாத் தெரியாதுடா. அம்மா படத்தைக் கையில குடுத்துப் பாரு. அதில்லன்னா வேற எதையாவது காட்டு. பொறுமையா கேளு."

"அன்னிக்கு நான் பேசினது..."

"போனை அவர் காதுல வை."

மூச்சுச் சத்தம் கேட்டது. நான்தான் பேசினேன்: மழை நின்றது, கடையில் கூட்டம், முதலாளிக்கே கண்ணாடி வந்துவிட்டது. அவர் நடுநடுவே அந்த ஒரு சொல்லால் பேசிக்கொண்டிருந்தார். எதற்கும் அர்த்தம் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 12, திங்கள்

தொண்டை கட்டிக்கொண்டது. "சளியா?" என்று முதலாளி கேட்டார். இல்லை. நேற்று ரேடியோ அக்கா வீட்டில் மதியம் தொடங்கி இருட்டும் வரை அவளை நான் வாயைத் திறக்கவே விடவில்லை.