குடியிருக்கும் வீடு

ஏனுங்க,

போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் உங்கள் ரிக் வண்டி டிரைவர் தயங்கித் தயங்கிக் கொடுத்த ராய்ப்பூர் விலாசத்துக்கு எழுதுகிறேன். அது யார் வீடு என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

முதன்முதலாக வீடு வாங்கியவர்களுக்கு வரிச் சலுகை உண்டென்று பள்ளிக்கூடத்தில் சக டீச்சர்கள் நச்சரித்ததால், நேற்று ஆடிட்டரைப் பார்த்தேன். வீடும் கடனும் நம் இருவர் பெயரிலும் இருப்பதால், கட்டுகிற வட்டியை இருவருமே வருமானத்தில் கழித்துக்கொள்ளலாமாம்.

"நீங்களே குடியிருக்கீங்களா, வாடகைக்கு உட்டிருக்கீங்களாங்க?" என்று கேட்டார்.

குடியிருக்கிறேன் என்றேன். பால் காய்ச்சிய அன்று நான் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றதில், பாதிப் பால் அடுப்பில் வழிந்துவிட்டது. நல்ல சகுனம் என்றார்கள். இதையெல்லாம் ஆடிட்டரிடம் சொல்ல முடியுமா?

"உங்க ஊட்டுக்காரருங்க?"

போர் போடும் ரிக் வண்டியில் வடக்கே போயிருக்கிறார் என்றேன்.

"அதனாலென்னங்க! வேலைக்காக வெளியூர்ல இருந்தாலும், அவரும் இந்த ஊட்லயே குடியிருக்கிற மாதிரிதான் சட்டத்துல கணக்குங்க."

அந்தச் சட்டத்தை எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

பிறகு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வேலைக்காகத்தானுங்களே போயிருக்காரு?" என்றார்.

மழை பிடித்ததும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டன. உங்கள் வண்டியும் நம் தெருமுனையில்தான் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன்.

"ஆமாங்க" என்றேன்.

இப்படிக்கு,
சட்டப்படி உங்களோடு குடியிருப்பவள்